‘பூனை மட்டும்தான்’ என்றான்

ஜீனத்தின் புருஷனைப் போன மாதம் வரை நான் பாய், பாய் என்றுதான் கூப்பிட்டேன். இப்போது வெறும் காஜா மொய்தீன். மரியாதை கொடுக்க மனசு வரவில்லை. அதனால் இதில் முழுக்க அவன் இவன் என்றுதான் வரும்.

கல்மண்டபம் ஏரியாவில் ஒரே வீட்டில் கீழே நான், மேலே அவர்கள் இருவரும். அதற்கும் மேலே மொட்டை மாடியில் அவனுடைய பந்தயப் புறாக்கள். கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். உடம்பு அங்கே, உயிர் கூண்டில். கூடையில் அடைத்து ஓங்கோல் வரைக்கும் கொண்டுபோய்த் திறந்துவிட்டாலும் இந்த மாடிக்கே திரும்பி வருகிற ஜாதிப் புறாக்கள். எங்கள் பக்கத்தில் புறாக்காரர்களிடம் வீட்டில் பிராணி வளர்க்கிறாயா என்று கேட்டுப் பாருங்கள், இல்லை என்பார்கள். புறா அவர்களுக்குப் பிராணி இல்லை, பந்தயம்.

ஜீனத்துக்கு இருந்தது ஒரு பூனை. பேர் பேகம். ஜீனத் மீன் ஆய உட்கார்ந்தால் எதிரே வந்து உட்காரும். கத்தாது, காலைச் சுற்றாது, பார்த்துக்கொண்டே இருக்கும். “வாயத் தொறந்து கேக்க மாட்டா ஃப்ளோரன்ஸ் அக்கா, அதான் பேகம்” என்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் அவள் நாளெல்லாம் பேசியது அதோடுதான்.

ஜீனத்துக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். இன்ஹேலர் பம்ப் இல்லாமல் தெரு முனைக்குக்கூடப் போகமாட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அது வருஷா வருஷம் ஏறியது. ஒருநாள் காலை மாடியில் புறாக்கூண்டைக் கூட்டிவிட்டு இறங்கியவள் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்துப்போயிருந்தது. காஜாதான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அந்த ஓட்டத்தில் நடிப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளை வார்டில் படுக்கவைத்துவிட்டு அவன் வீட்டுக்கு வந்து முதலில் செய்தது பூனையைப் பிடித்தது.

“டாக்டரம்மா பூன கூடவே கூடாதுன்ட்டாங்கோ,” என்றான் அவள் திரும்பி வந்ததும். “வண்ணாரப்பேட்டைல தோஸ்து வூட்ல உட்டுட்டேன். பாலும் மீனுமா துன்னுகினு ஜம்முனு கீது.”

ஜீனத் அழுதாள். அழுதுவிட்டு, “நம்ம உசுருக்குத்தானே சொல்றாரு” என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தெருவே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டால் இப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

பூனை முடி ஒன்றுகூட மிஞ்சாமல் அவள் வீட்டைத் துடைத்தாள். போர்வை, தலையணை எல்லாம் வெந்நீரில் போட்டு எடுத்தாள். மூச்சு மட்டும் இறங்கவில்லை. காலையில் அவன் வேலைக்குப் போனதும் துடைப்பத்தோடு மாடிக்குப் போவாள். பந்தய சீசன், கூண்டு சுத்தமாக இருக்கவேண்டும் என்பான். காய்ந்த எச்சத்தைச் சுரண்டிக் கூட்டும்போது கிளம்பும் தூசி எங்கள் கொடித்துணி வரைக்கும் வரும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டரம்மா ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வீட்டுல புறா இருக்கா?”

“அவரு வளக்குறாரு டாக்டர். மாடில.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். “போன தடவை உங்க வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு வாட்டி கேட்டேனே! பறவை, புறா எதாவது இருக்கான்னு. பூனை மட்டும்தான்னு சொன்னார். நீங்க அப்ப மூஞ்சில மாஸ்க்கோட படுத்திருந்தீங்க.”

“அப்ப பூனையால இல்லியா?”

“பூனைக்கு டெஸ்ட்ல ஒண்ணும் வரல. இது புறா எச்சத்தோட தூசி. நுரையீரல்ல தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கும்மா.”

 சாயங்காலம் காஜா படியேறும்போதே ஜீனத் கேட்டாள். கீழே எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“டாக்டரு கேட்டப்ப இன்னாத்துக்குப் பொய் சொன்ன?”

“சீசன் முடிஞ்சதும் நானே எறக்கிடலாம்னு இருந்தேன் ஜீனத்.”

“சீசனுக்கு முன்னாடி நா முடிஞ்சிருந்தா?”

அவன் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது.

“பேகம் இன்னா பண்ணிச்சு?”

“ரெண்டு குஞ்சத் துன்னுடுச்சி. சொன்னா நீ உடுவியா?”

“எந்தத் தோஸ்து வூட்ல கீது? போய் இட்டுகினு வா.”

அவன் கொஞ்ச நேரம் பூசி மெழுகிப் பார்த்தான். பிறகு உண்மை வந்தது. தோஸ்தும் இல்லை, வீடும் இல்லை. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற இடத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். கோணியில் கட்டி எடுத்துப் போயிருக்கிறான். வழியைப் பார்த்துக்கொண்டால் திரும்பி வந்துவிடுமாம், அதனால் நாலு தெரு சுற்றிப் போனானாம்.

விடிந்ததும் நானும் ஜீனத்தும் காசிமேடு போனோம். பாதி மூச்சோடு ஒவ்வொரு படகு ஓரமும் நின்று “பேகம், பேகம்” என்று கூப்பிட்டாள். நிறையப் பூனைகள் வந்தன. பேகம் வரவில்லை.

காஜா புறாக்களைப் புளியந்தோப்பில் சௌக்கத் அலி என்ற கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, கூண்டையும் பிரித்துப் போட்டான். ஜீனத் அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஒரு சாம்பல் புறா மாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது. சௌக்கத் அலி அசந்த நேரத்தில் தப்பி வந்திருக்கிறது. காஜா மூன்று படி தாண்டித் தாண்டி ஏறினான். “வந்துட்டியாடா ராஜா! நம்ம வூட்ட மறக்கலியாடா!” நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். துணி எடுக்கப் போன நான் அதைப் பார்த்தேன். என் பின்னால் படியில் நின்று ஜீனத்தும் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரிலேந்து நா வந்தப்ப இந்த மூஞ்சி எங்க போச்சு?”

அவன் புறாவைக் கீழே விடவில்லை. “ஒண்ணே ஒண்ணுதான் ஜீனத். தூரமா வச்சிக்கிறேன்.”

அவள் இறங்கிப் போய் புர்காவை மாட்டிக்கொண்டாள். மருந்தையும் இரண்டு புடவையையும் பையில் போட்டாள். தண்டையார்பேட்டையில் தங்கச்சி ஜஸீமா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கையில் புறாவோடு வாசல் வரைக்கும் ஓடிவந்தான்.

“எப்ப வருவ?”

“என்ன யாரும் கோணில கட்டிக்கினு போவல,” என்றாள் ஜீனத், மூச்சு வாங்கி வாங்கி. “வழி நல்லாத் தெரியும். வரத்தான் மாட்டேன்.”

ஆட்டோவை நான்தான் கூப்பிட்டேன். மாடியில் மறுபடி ஒரு சின்னக் கூண்டு வந்திருக்கிறது. இப்போது அவனேதான் கூட்டுகிறான்.