கோடு விழாத ஒரு போல்ட்

காலை ஆறு மணிக்குக் காபி கையில் வருவதற்கு முன்பே லிங்கப்பன் போர்டிகோவில் மல்லாந்து படுத்திருப்பார். டார்ச் பல்லில் இருக்கும். லுங்கிக்கு மேல் பழைய கம்பெனிச் சட்டை. காரின் அடிவயிற்றை முன்னிருந்து பின்னாக ஒருமுறை, பின்னிருந்து முன்னாக ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே நகர்ந்து வந்து, "எல்லாக் கோடும் நேரா இருக்குதுங் சார்" என்பார். காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் எனக்குத்தான் அந்த அறிக்கை. நான் கேட்டதில்லை. கேட்காமலே ஆறு வருடமாக வருகிறது.

விஜயநகரில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக் காரும் கடையில் வாங்கியது. இவருடையது மட்டும் இரும்புக் குழாயாக வந்து காராக ஆனது. இரண்டே இருக்கை, முழங்கால் உயரம், எங்கோ மோதி நொறுங்கிப்போன ஒரு சின்னக் காரின் எஞ்சின், ஃபைபர் உடம்பு. இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. சாம்பல் பூச்சோடு படகு மாதிரி அது நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு நிர்மலா டீச்சர், "போட்டிங் போறதுக்கா?" என்று கேட்டுவிட்டார். லிங்கப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. "பாஸ் ஆகட்டும் டீச்சர், அப்பறம் கலர் அடிச்சுக்கலாம்" என்றார். கார் உள்ளே இருப்பதால் அவருடைய ஸ்கூட்டர் ஆறு வருடமாக வெளியில் நனைகிறது.

இவர் ஊர் ஹனூர்ப் பக்கம். முப்பத்தோரு வருடம் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். அடுத்தவர் செய்த பொருளைப் பார்த்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் சொல்வது வேலை. காரணம் சொல்லமாட்டார் என்று பெயர் எடுத்திருந்தார். ஓய்வு பெற்ற அன்று, மாலையும் சால்வையும் முடிந்த பிறகு, லேத் மெஷினில் இருந்த மதன் எல்லார் முன்னாலும் கேட்டான்: "சார், தப்புக் கண்டுபுடிக்க மட்டுந்தான் உங்களுக்குத் தெரியும். ஒரு பொருள் செஞ்சு காட்டுங்க, பாக்கலாம்." எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். மறு வாரமே இரும்புக் குழாய்கள் வந்து இறங்கின. வெல்டிங் பிடிக்க வந்ததும் அதே மதன்தான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன், ஞாயிறுதோறும் வந்து உழைத்துத் தீர்த்தான்.

தொழிற்சாலையில் ஒரு சட்டம் உண்டாம். போல்ட்டை முடுக்கியவன் அதைப் பாஸ் செய்யக்கூடாது. இன்னொருவர் முறுக்கு அளக்கும் டார்க் ஸ்பேனர் போட்டு, அளவு வந்ததும் கேட்கும் 'கிளிக்' சத்தத்தைக் காதால் கேட்டு, போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு இழுக்கவேண்டும். போல்ட் தளர்ந்தால் கோடு முறிந்து காட்டிக் கொடுத்துவிடும். "கட்டுனவன் கண்ணுக்குத் தப்பு தெரியாதுங் சார். தெரிஞ்சா அவன் கட்டியிருக்கவே மாட்டானுங்களே."

வீட்டில் இன்னொருவர் என்றால் மனைவி மகேஸ்வரிதான். தையற்காரர். கோணல் மடிப்பைப் பத்தடி தூரத்தில் கண்டுபிடிப்பவர். தேவராஜ மார்க்கெட் வளையல் கடையில் லிங்கப்பனே போய், கோடு போட மஞ்சள் நெயில்பாலிஷ் வாங்கி வந்தார். அந்த அம்மாள் ஒருநாளும் நகத்தில் அதைப் பூசியதில்லை. முதல் வாரத்திலேயே பதினொரு போல்ட்டை ரிஜெக்ட் செய்துவிட்டார்.

"காரணம் சொல்லு மகேசு."

"நீங்க அங்க காரணம் சொன்னீங்களா?"

மதன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்த சிரிப்பு எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்டது.

அந்த மதன்தான் இன்னொரு விஷயமும் சொன்னான். இவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் தொழிலாளிகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்களாம். மரியாதை என்று முப்பத்தோரு வருடமும் நினைத்திருந்தார் லிங்கப்பன். "மரியாதையும் இல்ல, மண்ணும் இல்ல சார். கை நடுங்கும். அத நீங்க பாக்கக் கூடாதுன்னு பின்னாடி வெச்சுக்கறது."

கார் செய்ய இரண்டு வருடம், அதை ரோட்டில் விட நான்கு வருடம். சோதனை நிலையத்துக்கு லாரியில் மூன்று தடவை போய் வந்தது. பிரேக், புகை, விளக்கு, பெல்ட் எல்லாம் அங்கே தேறியது. நடுவில் ரேஸ் டிராக்குக்கும் தயார் செய்தார்: தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, இழுக்கக் கொக்கி, தீயணைப்பான். "ரோட்டுக்காரங்க விளக்கு எரியணுங்கறாங்க. டிராக்குக்காரங்க அதே விளக்குக்கு டேப் ஒட்டச் சொல்றாங்க. ரெண்டு மாமியா வீடு சார்" என்பார்.

கோவைப் பக்கத்து டிராக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பேர் கொடுத்திருந்தார். அங்கே காரை லாரியில் கொண்டுபோக அவருக்கு இஷ்டமில்லை. திம்பம் மலைப்பாதையில் தானே ஓட்டி இறங்க வேண்டும். "லாரில ஏறிப்போறது சரக்குங் சார். காரு ரோட்டுல போகணும்." அதற்குப் பாக்கி இருந்தது ஆர்.டி.ஓ. ஆபீஸில் கடைசிப் பார்வை. மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த தேதி, அந்த ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அதே நாள் கொள்ளேகாலில் மகேஸ்வரியின் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. மகேஸ்வரி முந்தின நாளே எல்லாக் கோட்டையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை லாரியில் ஏற்றுவதற்கு முன் ஸ்டீயரிங் ராடில் ஒரு நட்டின் மரை தேய்ந்திருப்பதைக் கண்டார் லிங்கப்பன். வேறு நட்டு போட்டார். மதன் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டான். டார்க் ஸ்பேனர் கிளிக் என்றது. எல்லாம் சரி. கோடு மட்டும் இல்லை. நெயில்பாலிஷ் ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது. அவரே ஒரு கோடு இழுத்திருந்தால் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நானும் கூடப் போயிருந்தேன். காரைத் தள்ளித்தான் இறக்கினோம். இன்ஸ்பெக்டர் சென்னப்பன் அவசரப்படாத மனிதர். சேசிஸ் நம்பர், ஹாரன், விளக்கு, கண்ணாடி என்று நிதானமாகச் சுற்றி வந்தார். கடைசியில் குனிந்து, "இதென்ன மஞ்சக் கோடு?" என்றார். லிங்கப்பன் விளக்கினார். இன்ஸ்பெக்டர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"இதுக்கு மட்டும் இல்லியே?"

"அது இன்னும் யாரும் பாக்கலீங் சார்."

"நீங்கதானே கட்டினது?"

"அதனாலதானுங்."

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "எல்லாம் சென்னாகிதெ, நல்லா இருக்கு. தைரியமா ஓட்டிட்டுப் போங்க." தற்காலிக நம்பர்த் தாள் கைக்கு வந்தது. ஆறு வருடக் காத்திருப்பு முடிந்தது என்று நான்தான் முதலில் கை தட்டினேன்.

லிங்கப்பன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். லாரிக்காரரைப் பார்த்து, "பலகைய இறக்குங்க, ஏத்திக்கலாம்" என்றார்.

மதனுக்குப் பொறுக்கவில்லை. "சார், நான் வேணா பாக்கறேன்."

"நீ எதிர்ப்பக்கம் புடிச்சவன். நீயும் கட்டுனவன்தான்."

"இன்ஸ்பெக்டரே பாத்துட்டாரே."

"அவரு வண்டியப் பாத்தாரு. போல்ட்டப் பாக்கல."

நான் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "உங்களுக்குப் பாக்கத் தெரியாதுங் சார்" என்றார். அது உண்மை என்பதால் லாரியில் ஏறிக்கொண்டேன். ஓடலாம் என்று கையெழுத்து வாங்கிய கார், அன்றைக்கும் சரக்காகவே வீடு வந்து சேர்ந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, ஏனென்று சொல்லத் தெரியவில்லை.

மாலையில் லிங்கப்பன் மனைவிக்குப் போனில் சேதி சொன்னார். ஸ்பீக்கரில் மகேஸ்வரியின் குரல் சுவர் தாண்டிக் கேட்டது. "நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க. காலைல மொத பஸ்ஸுக்கு வந்தர்றேன்."

சனிக்கிழமை எட்டரைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். பட்டுச்சேலை மாற்றவில்லை, பலகாரப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, பழைய சாக்கு விரித்துக் காருக்கு அடியில் நகர்ந்தார். பெட்டி படுக்கையோடு மதன் தயாராக நின்றான். உடனே கிளம்பினால் பகலிலேயே மலை இறங்கிவிடலாம்.

முதல் கிளிக் கேட்டது. கோடு போடவில்லை. ஸ்பேனரை எடுத்து மறுபடி வைத்தார். நேரமானது. இரண்டாவது கிளிக்.

"அந்த பாட்டில எடுங்க."

மதன்தான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தான். லிங்கப்பன் நகரவில்லை. நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். மகேஸ்வரி கோடு இழுத்து, மூடியைத் திருகி, வெளியே வந்து சேலையைத் தட்டிவிட்டு, "ம், போலாம்" என்று சொன்ன பிறகும் அந்தக் கைகள் முன்னால் வரவில்லை.