செபநாயகத்தாரும் வளைகிற வெளிச்சமும்

செபநாயகத்தார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்ராண்டில் நிற்கும் சைக்கிளில் ஏறி மிதிக்கத் தொடங்கிவிட்டார். சைக்கிள் ஓரடி நகராது. டைனமோவிலிருந்து போகிற வயர் ரேடியோவுக்கு. யுத்தத் தடையால் பற்றறி கண்ணிலும் படாத இந்த நாளில், வியாழன் பின்னேரம் வரும் ஆங்கில விஞ்ஞான நிகழ்ச்சி அவருடைய காலில்தான் ஓடுகிறது. மிதி தளர்ந்தால் அறிவிப்பாளருக்குத் தொண்டை அடைக்கும். ஆங்கிலம் அவருக்கு விளங்காது. குரல் உயர்ந்தால் ஏதோ முக்கியமான விசயம் என்று இன்னும் வேகமாக மிதிப்பார்.

கேட்பவள் மகள் ஸ்ரெல்லா, பௌதிகம் படிப்பிக்கிற ரீச்சர். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து மானிப்பாய்க்கு வந்த பிறகு வீடு அவள் உழைப்பில்தான் நடக்கிறது. மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத் தடை. நாற்பது வருடம் வள்ளம் ஓட்டிய மனிதருக்குச் சும்மா இருப்பதே பெரிய வெட்கம். "என்ரை காலாவது உழைக்கட்டும்" என்பார். மூச்சு வாங்குவதை இருமலாக்கி மறைப்பார், பாவம். அது எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் ஸ்ரெல்லா புது விஞ்ஞானச் செய்தி ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். இந்த நிகழ்ச்சியை விட்டால் அவளுக்கு வேறு புத்தகம் கிடையாது. கொப்பியில் எழுதிக்கொண்டே தகப்பனுக்கும் சொன்னாள்.

"தூரத்து நட்சத்திரக் கூட்டத்தின்ரை வெளிச்சம், இடையிலை இன்னொரு கூட்டத்தைத் தாண்டேக்கை வளையுதாம் அப்பா. அவ்வளவு வளைக்கிற பாரம் அங்கை கண்ணுக்குத் தெரியேல்லை. தெரியாத ஏதோ கிடக்குதாம்."

செபநாயகத்தாரின் கால் நின்றுவிட்டது. ரேடியோவும் செத்தது. அவர் சுதாரித்து மறுபடி மிதித்தபோது நிகழ்ச்சி முடிந்து பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"நாசமாக்கிப் போட்டன் பிள்ளை." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏனப்பா நிப்பாட்டினீங்கள்?"

"உது எனக்குத் தெரிஞ்ச விசயமெல்லோ. தண்ணிக்கடியிலை கல்லுக் கிடக்கும், தெரியாது. நேரை வாற அலை அதிலை வளையும். ரெண்டு பக்கத்தாலையும் சுத்தி வந்து அங்காலை சந்திக்கும். வளையிறதைப் பாத்தே கல்லு எவ்வளவு பெரிசெண்டு சொல்லுவம். அலை வளைஞ்சால் துடுப்பை நிப்பாட்டிப் பாக்கிறது எங்கடை பழக்கம். நீ சொல்லச் சொல்ல, கால் தன்ரை பாட்டிலை நிண்டுட்டுது."

ஸ்ரெல்லா பாதியில் நின்ற பக்கத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. தகப்பனை நினைக்கப் பெருமையாக இருந்தது. எழுந்து வந்து கொப்பியைச் சைக்கிள் ஹாண்டிலில் விரித்து வைத்துப் பேனையை நீட்டினாள்.

"அலை வளையிறதை இதிலை கீறித் தாங்கோ அப்பா. சனிக்கிழமை போர்டிலை முதல் இதைத்தான் போடப்போறன்."

செபநாயகத்தார் இரண்டு உள்ளங்கைகளையும் சாரத்தில் நன்றாகத் துடைத்துவிட்டுப் பேனையை வாங்கினார்.