பூஜ்ஜியம் போட்டால் காலியாம்

இன்று திண்டிவனம் பிரவுசிங் சென்டரில், நான் பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதிக்கொடுத்த உதவித்தொகை இணைய விண்ணப்பத்தை மரக்காணத்து அக்கா ஒருவர் நிரப்பிக்கொண்டிருந்தார்.

'குழந்தைகள் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் 0 போட்டார். "இந்தக் கட்டம் காலியாக உள்ளது" என்று சிவப்பில் வந்தது.

மறுபடியும் போட்டார். மறுபடியும் சிவப்பு.

"நான் காலியா வுடல சார், பூஜ்ஜியம் போட்டுக்கினுதான் இருக்கறேன்" என்றார் என்னிடம். "ஒண்ணுன்னு போட்டுடட்டுமா? போன வருசம் வரைக்கும் ஒண்ணு இருந்திச்சி."

நான் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தேன்.

கட்டம் காலியா என்று பார்க்க நான் போட்டிருந்த 'எம்ப்டி' என்ற கட்டளை, பூஜ்ஜியத்தையும் காலி என்றே எடுத்துக்கொள்ளும். தெரிந்தும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து ஒரு வரியை மாற்றினேன். விண்ணப்பம் போனது.

"ஜல்தியா முடிச்சிட்டீங்க சார்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

பிஎச்பி எழுதும் நண்பர்களே, பூஜ்ஜியம் போட்டதற்காக நீங்கள் இதுவரை எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்?