எனக்காகச் செய்த எஞ்சின் சைக்கிள்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டை ஒட்டியிருக்கிற தெருப் பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு வாகன பூஜை நடந்தது. சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் மாலை, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம்... எல்லாம் முறைப்படி. வாகனம் மட்டும்தான் முறைப்படி இல்லை. ஒரு பழைய சைக்கிள், அதன் நடுவில் ஒரு மலிவு எஞ்சின். செய்தவர் என் வீட்டுக்காரர். எனக்காகச் செய்தாராம். தெரு முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுணில். நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் பாளையங்கோட்டையில். பதினோரு வருஷமாக லேடீஸ் சைக்கிளில்தான் போய்வந்தேன். வயது நாற்பத்தாறு ஆகிவிட்டது, முழங்கால் முன்பு போல இல்லை. ஈரடுக்குப் பாலத்து ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அவருக்கு வண்ணார்பேட்டையில் பைப் கடை. அதே பாலத்தில், அதே நேரத்தில், ஸ்கூட்டரில் போவார். என்னைத் தாண்டும்போது மறக்காமல் ஒரு ஹாரன் அடிப்பார். அதுதான் அவருடைய பாசம்.

பின்னால் ஏற்றிக்கொண்டு போகக் கூடாதா என்கிறீர்களா? பின் சீட்டில் கடைச் சரக்கு மூட்டை இருக்கும். பைப்பை வளைத்து மாட்டுகிற எல்போக்கள். பெண்டாட்டி நடக்கலாம், எல்போ நடக்காதே.

"எனக்கும் ஒரு ஸ்கூட்டர் வாங்குவோமே" என்றேன் ஒரு நாள்.

"ஸ்கூட்டர் எதுக்குங்கேன்? ஒரு எஞ்சினை வாங்கி சைக்கிள்ல மாட்டிட்டா தீந்துது. நானே செஞ்சு தாரேன், பாத்துக்கோ."

யூடியூபில் எவனோ பத்து நிமிஷத்தில் மாட்டி ஓட்டிக் காட்டியிருக்கிறான். பைப்பு மாட்டத் தெரிந்த தனக்கு இது ஒரு வேலையா என்று இவருக்குத் தோன்றிவிட்டது. இந்த நம்பிக்கை ஆண்களுக்கு மட்டும் எந்தக் கடையில் விற்கிறார்கள்?

ஆன்லைனில் ஆர்டர் போட்ட பெட்டி வந்தது. எஞ்சின், சின்ன பெட்ரோல் டேங்க், செயின், இன்னும் ஒரு கூடை நட்டு போல்ட்டு. அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வந்தேன் — சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். முற்றத்தில் என் சைக்கிளைக் காணோம். அதை சைக்கிள் கடையில் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பழைய ஜென்ட்ஸ் சைக்கிளை மாற்றி வாங்கி வந்திருந்தார்.

"என்னங்க, இதுல குறுக்க பார் இருக்கே?"

"ஆமா, உன் சைக்கிள்ல எஞ்சினுக்கு இடம் இல்ல. இதுல முக்கோணமா இருக்குல்லா, அங்கனதான் உக்காரும்."

நான் எப்படி உட்காருவது என்று கேட்டேன். எஞ்சின் எங்கே உட்காரும் என்று அவர் பதில் சொன்னார். இருபது வருஷக் குடித்தனத்தை இதற்குமேல் சுருக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நாலு வாரம். மாட்டுவார், கழற்றுவார், வீடியோ பார்ப்பார், மறுபடி மாட்டுவார். சேலை காயப்போட இடமில்லாமல் முற்றம் முழுக்க கிரீஸ். நான் டவுண் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வேலைக்குப் போனேன். இரண்டு நாள் பிரேயருக்குப் பிந்திப் போய், எச்.எம்.மிடம் பேச்சும் வாங்கினேன். நம்பர் பிளேட் இல்லாமல் போலீஸ் விடுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "பெடல் இருக்குல்லா? பெடல் இருந்தா அது சைக்கிள்தான்" என்றார். சட்டமும் வீட்டிலேயே தயாராகிவிட்டது.

பூஜைக்கு வருவோம். கற்பூரம் காட்டி முடிந்தது. "ம், ஏறு" என்றார்.

நான் சேலையில் நிற்கிறேன். இடுப்பு உயரத்துக்கு பார். பாருக்கு மேலே சந்தனம் பூசிய பெட்ரோல் டேங்க். சுற்றி நின்ற அத்தனை பேரும் எஞ்சினைத்தான் பார்த்தார்கள். எதிர் வீட்டு சாகுல் அண்ணாச்சி, துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர், தன் வாசலில் நின்றபடியே பைய கேட்டார்.

"எஞ்சின்லாம் நல்லாத்தான் இருக்கு. சேலையோட மதினி எப்படி வே ஏறுவாவ?"

இவர் குனிந்து பாரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "சுடிதார் போட்டுக்கலாம்லா?" என்றார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்குச் சேலைதான். பதினோரு வருஷமாகத் தினமும் இவர் கண் முன்னால் சேலை கட்டித்தான் கிளம்புகிறேன். இவர் பார்த்ததே இல்லையா? எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானமாக இருந்தது, அதைவிட வருத்தமாக இருந்தது. நமக்காக உழைக்கிறேன் என்பவர்கள் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உழைத்தால் என்ன?

"சரி, நான் ஓட்டிக் காட்டுதேன்" என்று அவரே ஏறினார். பெடலை மிதித்து வேகம் பிடித்து, கிளட்சை விட்டால்தான் எஞ்சின் பிடிக்குமாம். மிதித்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. தெரு முழுக்கப் புகையைக் கிளப்பிக்கொண்டு முனை வரை போய்த் திரும்பி வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது.

திங்கட்கிழமை காலை எல்போ மூட்டையை ஸ்கூட்டரிலிருந்து இறக்கி, எஞ்சின் சைக்கிள் கேரியரில் கட்டினேன். எந்தக் காலத்திலோ எடுத்த என் லைசென்ஸைப் பீரோவிலிருந்து தேடி எடுத்தேன். ஸ்கூட்டர் சாவியையும் எடுத்துக்கொண்டேன்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"உங்களுக்குத்தான் இது நல்லா ஓடுது. நீங்க இதுலயே கடைக்குப் போங்க."

"எனக்கெதுக்கு? எனக்குத்தான் ஸ்கூட்டர் இருக்கே?"

"ஸ்கூட்டர் எதுக்குங்கேன்?" என்றேன் நான்.

எதிர் வாசலில் சாகுல் அண்ணாச்சி பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் தன் எஞ்சினைத் தானே குறை சொல்ல இவருக்கு மனசு வரவில்லை. பட்டென்று ஏறி, புகை விட்டுக்கொண்டு போய்விட்டார்.

கால் மணி நேரம் கழித்து நான் கிளம்பினேன். ஈரடுக்குப் பாலத்து ஏற்றத்தில், ஓரமாக ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். கழன்ற செயின் தொங்குகிறது. சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. பின்னால் எல்போ மூட்டை, நடுவில் எஞ்சின், கை முழுக்க கிரீஸ்.

நிறுத்தியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? பிரேயருக்கு நேரமாகிவிட்டதே.

தாண்டும்போது மறக்காமல் ஒரு ஹாரன் அடித்தேன்.