நாலு டிராக்டர் சாணி

ஆம்பூர் தோல் கழிவுநீர் நிலையத்துத் துரைசாமி, ஆலங்காயத்தில் மாடு வைத்திருந்த அன்னம்மாளுக்கு நாலு டிராக்டர் சாணிக்காக எட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார்.

அவர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். குழாய்களை நிறம் பார்த்தே அடையாளம் காண்பவர். அதிகாரி வருகிறாரென்று எல்லாக் குழாய்க்கும் ஒரே பச்சை பூசிவிட்டார்கள். நிறம் தெரியாமல் துரைசாமி வால்வை மாற்றித் திறந்துவிட்டார். தோல் பதனிட்ட நச்சு குரோம் தண்ணீர் பாய்ந்து, தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்தன. தொட்டி தேறாவிட்டால் ஊரில் தோல் பதனிடும் ஷாப்புகளையெல்லாம் மூட வேண்டியதுதான்.

"பெயிண்ட் அடிச்சவன் தப்பு, விடுங்க," என்றார் மேனேஜர் பரணிதரன்.

"தொறந்த கை என்னுது சார். இருபது வருசமா தப்பாத கை."

சாணி ஊற்றினால் தொட்டியில் புது நுண்ணுயிர் பிடிக்குமென்பது எந்த இன்ஜினீயரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு நாள் கரைத்து ஊற்றினார். பத்தொன்பதாம் நாள் தண்ணீர் பழுப்பேறி மண்வாசனை அடித்தது. தொட்டி பிழைத்தது.

சம்பளம் வந்ததும் ஆலங்காயம் போனார்.

"சாணிக்குக் கடன் சொன்ன மொத ஆளு நீதாண்ணா!" அன்னம்மாள் சிரித்தாள். "இன்னா, கம்பெனி குடுக்கலியா?"

"குடுத்தாங்கம்மா. நான்தான் வாங்கல."

அவள் சிரிப்பு நின்றது. கையை நீட்டினாள். துரைசாமி ஐந்நூறு ரூபாய்த் தாள்களைப் பதினாறு வரை சத்தமாக எண்ணி, அந்தக் கையில் வைத்தார்.