மந்திரி வேஷம் கட்டிய கண்டக்டர்

காரைக்குடியிலிருந்து சிங்கம்புணரி போகும் தனியார் பஸ்ஸில் மலையாண்டி கண்டக்டராக இருந்தார். நாற்பதை நெருங்கிய வயது, ஒல்லியான உடம்பு. அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத கனத்த குரல். பின்படியில் நின்று அவர் "உள்ள போங்க" என்றால் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களும் எழுந்து நகரப் பார்ப்பார்கள். அந்தக் குரலுக்காகத்தான் ஹபீப் ரகுமான் அவரைத் தேடிப் பிடித்தார்.

ஹபீபுக்குக் காரைக்குடி கடைவீதியில் சின்ன ஜவுளிக்கடை. ஆள் வராத மத்தியானங்களில் துணி மேசை மேலேயே தாளை வைத்து நாடகம் எழுதுவார். எழுபத்து மூன்றாம் வருஷம் நாச்சியாபுரம் திருவிழாவுக்கு அவர் எழுதிய நாடகத்தில் சிரிப்பும் இல்லை, பாட்டும் இல்லை. ஏழைகள் ஓட்டுப் போட்டு மந்திரியாக்கிய ஒருவன், தனக்காக ஊர் ஊராய் அலைந்து ஓட்டுக் கேட்ட நண்பனையே ஜெயிலில் தள்ளுகிறான். அந்த நண்பனுக்காகக் கெஞ்ச வந்த பெற்ற தாயை வாசலோடு திருப்பி அனுப்புகிறான். கடைசிவரை அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு சாப்பாடு கொண்டுவரச் சொல்கிறான். திரை விழுந்துவிடுகிறது.

"இப்படி முடிச்சாச் சனம் ஒத்துக்கிருமா பாய்?" என்று ஒத்திகையின்போதே மலையாண்டி கேட்டார்.

"ஒத்துக்க வேணாம்ப்பா. வீட்டுக்குப் போயிப் படுத்தாத் தூக்கம் வரக்கூடாது. அதுக்குத்தானே எழுதுனது" என்றார் ஹபீப்.

நாடகம் முடிந்தபோது கைதட்டல் எழவில்லை. சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பேசாமல் கலைந்தார்கள். ஹபீபுக்கு அதில் உள்ளுக்குள் சந்தோஷம். முகத்துச் சாயத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்த மலையாண்டிக்குத்தான், யாருக்கோ கெடுதல் செய்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் முதல் ட்ரிப்பிலேயே ஆரம்பித்துவிட்டது. கத்தரிக்காய்க் கூடையோடு ஏறிய ஒரு அம்மாள் அவர் நீட்டிய டிக்கெட்டை வாங்கவில்லை.

"பெத்தவளை வாசல்ல நிக்க வச்சவன் கையால நான் வாங்க மாட்டேன். இந்தக் கூடை மேல வையி, எடுத்துக்கிர்றேன்."

"அது வேஷம்த்தா. எங்காத்தா செத்துப் பத்து வருசமாச்சு."

"வேஷம்னாலும் எப்படிப்பா நாக்கு வந்துச்சு?"

டிரைவர் சிரித்தார். மலையாண்டியும் சிரித்துவைத்தார். ஆனால் அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்க யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், முடிவை மாற்றி எழுதச் சொல்லும்படி திருப்பத்தூர் வரும்வரை விளக்கினார். பின்சீட்டில் இருந்த ஒரு கிழவர் அதிகம் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "நாடகத்துலகூட நியாயம் கிடைக்கலைன்னா நாங்க எங்குட்டுய்யா போறது?" என்று கேட்டுவிட்டு இறங்கினார். மலையாண்டி விசிலை ஊதி வண்டியை எடுக்கச் சொன்னார்.

இதெல்லாம் திட்டியவர்கள் கதை. இன்னொரு வகை ஆட்களும் வந்தார்கள். மலையாண்டியின் தெருவிலேயே இருந்த சின்னக்கருப்பனுக்கு உரம் கிடைக்கவில்லை. அந்த வருஷம் உரத்துக்கு எங்கும் தட்டுப்பாடு. கடைக்காரர் உள்ளே மூட்டைகளை வைத்துக்கொண்டே இல்லையென்கிறாராம்.

"நீங்க கூட வந்து அந்த மந்திரி மாதிரி ஒரு வார்த்தை பேசுங்கண்ணே. போதும்" என்றார் சின்னக்கருப்பன்.

விளையாட்டாகத்தான் மலையாண்டி போனார். கடை வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, நாடகத்தில் பார்த்த அதே பார்வையோடு, "இருக்கா, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். கடைக்காரர் நாடகம் பார்த்தவர்தான். இவர் கண்டக்டர் என்பதும் தெரிந்தவர்தான். ஆனாலும் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது மலையாண்டியின் நடையே மாறியிருந்தது. அதற்கப்புறம் வேலிச் சண்டை, வாய்க்கால் தகராறு என்று அடுத்தடுத்து ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். போனார். பேசினார். காரியம் நடந்தது. தன் பக்கத்து ஆள் சொன்னது சரிதானா என்று எந்த இடத்திலும் அவர் விசாரிக்கவில்லை.

ஒருநாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், "கொண்டா" என்றார். மனைவி முத்தழகு குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"யார்கிட்ட இப்படிக் கேக்குறீக?"

"என்ன கேட்டேன்? சோறுதானே கேட்டேன்."

"நாடகத்துல கேட்ட சோறு அது. உங்களுக்குத் தெரியல. கொஞ்ச நாளா நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் கோபப்படவில்லை. சோர்ந்துபோன குரலில்தான் சொன்னாள். மலையாண்டி தலையைக் குனிந்து சாப்பிட்டு எழுந்தார். அதன்பிறகு கூப்பிட வந்தவர்களையெல்லாம் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்து யூனியன் சேர்மன் ஏகப்பனின் ஜீப் இருவரையும் கூட்டிப்போக வந்தது. மந்திரி வேஷம் அவரைப் பார்த்தே எழுதியது என்று டீக்கடைகளில் பேச்சு இருந்தது. ஹபீபும் மலையாண்டியும் பயந்துகொண்டேதான் ஏறிப் போனார்கள். ஏகப்பன் வாசலுக்கே வந்து இருவருக்கும் துண்டு போர்த்தினார்.

"நானும் ஒரு ஓரமா நின்னு பாத்தேன் பாய். அருமையா எழுதியிருக்கீக. அரசியல்னா என்னான்னு தெரிஞ்சு எழுதியிருக்கீக" என்றார். பிறகு மலையாண்டி பக்கம் திரும்பினார். "ஏய்யா, ஆத்தாளை வெளிய அனுப்புறதுக்கு முன்னால பேசாம நின்னு பாத்தியே, அதை எப்படிச் செஞ்ச? எங்கே, ஒருதரம் செஞ்சு காட்டு."

மலையாண்டி செய்து காட்டினார். ஏகப்பன் கூர்ந்து பார்த்து, தானும் ஒருமுறை செய்து பார்த்துக்கொண்டார். அவருக்கு அது நன்றாகவே வந்தது. தன் மகன் கல்யாணத்துக்கு அந்த நாடகத்தையே போட வேண்டும், ஒரு வார்த்தைகூட மாற்றக் கூடாது என்றார்.

அதே ஜீப்பில் திரும்பினார்கள். கடை வாசலில் இறங்கியதும் ஹபீப், "யாருக்குச் சுடணும்னு எழுதுனேனோ அவருக்குக் குளுந்து போச்சு" என்றார்.

"நான் ஆட மாட்டேன் பாய். என்னைய விட்டுருங்க."

"நானும் குடுக்கப் போறதில்ல" என்றார் ஹபீப்.

சேர்மன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அங்கிருந்து கோபமாக ஒரு சொல்லும் வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் பஸ் முதலாளி மலையாண்டியைக் கூப்பிட்டு, திருச்சிக்குப் போகும் விடிகாலை வண்டிக்கு மாற்றினார். ஏன் என்று மலையாண்டி கேட்கவில்லை. முதலாளியும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து பாட்டுக் கச்சேரி வந்ததாகக் கேள்வி.

ஹபீப் அதற்குப்பின் நாடகம் எழுதவில்லை. கடையில் வியாபாரமும் படுத்துவிட்டது. எழுபத்தாறில் கடையை அண்ணன் மகனிடம் ஒப்படைத்துவிட்டு, பினாங்கில் இருந்த மைத்துனரிடம் போகக் கிளம்பினார். திருச்சிக்கு அவர் ஏறியது மலையாண்டியின் வண்டியில்தான். புதுக்கோட்டை தாண்டி வண்டி கொஞ்சம் காலியானதும் மலையாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவனைக் கண்டு சனம் வெறுக்கும்னு நெனச்சேன்" என்றார் ஹபீப். "திட்டுனவுக திட்டுனாக. மத்தவுகளுக்கு அவனை மாதிரி ஒருத்தன் தம் பக்கம் இருந்தாத் தேவலைன்னு தோணியிருக்கு. நான் எதைத் தப்பா எழுதுனேன்னு இன்னமும் தெரியல."

"எழுத்துல ஒண்ணும் தப்பில்ல பாய். வேஷத்தைக் கலைச்சப்புறமும் நானே ரெண்டு மாசம் அப்படித்தான் திரிஞ்சேன். அது ருசியாத்தான் இருந்துச்சு."

ஹபீப் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கீரனூரில் கூட்டம் ஏறியது. மலையாண்டி எழுந்து போய் டிக்கெட் போட்டார்.

திருச்சியில் டிரங்குப் பெட்டியைக் கூரையிலிருந்து இறக்கிக் கொடுத்தார். ஹபீப் அதைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து போனார். வண்டி திரும்ப இன்னும் நேரம் இருந்தது. மலையாண்டி ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து பஸ்ஸின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பாதி டீ ஆறிக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டார். டிரைவர் வந்து எழுப்பும்வரை அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.