எஸ்தர் சேர்க்கச் சொன்ன நிபந்தனை

படூர் ஆய்வுக்கூடத்தில் காலையில் குழாய்களுக்குச் சத்துநீர் மாற்றிக்கொண்டிருந்தபோது எஸ்தரின் தம்பி போனில் அழைத்தான். "சார், அக்கா பூட்ச்சு." டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாகக் கிருமி ஏறி ஆளைக் கொண்டுபோய்விட்டது. சத்துநீரைப் பாதியில் விட முடியாது. மாற்றி முடித்த பிறகுதான் அழுதேன்.

மரியாதையாக 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், யாரோ போல இருந்தது. வருடக்கணக்காகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து என்னைத் திட்டியவள். அவள் என்றே எழுதுகிறேன். அவளைத் தெரிந்த உங்களில் பலரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தானே.

எங்கள் வேலை ரத்தக்குழாய் வளர்ப்பது. யாரோ கொடுத்த ஸ்டெம் செல்களை ஒரு வலைக்குழாயில் படியவிட்டு, இதயம் தள்ளுவது போலச் சத்துநீரைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வலை கரைந்து, இளநீர்க்கடை ஸ்ட்ரா பருமனில் வெளுத்த குழாய் ஒன்று மிஞ்சும். டயாலிசிஸ் ஊசி குத்தக் கையில் இடமே இல்லாமல் போனவர்களுக்கு அதைப் பொருத்தலாம். ஆரம்பத்தில் வளர்ந்ததெல்லாம் கிழிந்தது. "பொறந்த கொழந்தைக்கு எடுத்தவொடனே பிரியாணியா ஊட்டுவ? மெல்லத் தள்ளுய்யா" என்றாள் எஸ்தர். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். குழாய் தாங்கியது.

மனிதர்களுக்குப் பொருத்திப் பார்க்கும் சோதனைக்கு நிபந்தனைகள் வகுக்க ஒருநாள் கூடினோம். எஸ்தர் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கூலி வேலை பார்த்த குடும்பத்துப் பெண். எடுத்த எடுப்பில் சண்டைதான்.

"ஆளு கெடைக்கலன்னா மொதல்ல யார கூப்டுவீங்க? பெருக்குறவங்கள, டிரைவர. அவங்களால மாட்டேன்னு சொல்ல முடியுமா? இங்க சம்பளம் வாங்குற யாருக்கும் வெக்கக் கூடாது."

இயக்குநர் சரி என்றார்.

"இரு சார், இன்னும் முடிக்கல. இன்னிக்கு வேலைய வுட்டுத் தூக்கிட்டு நாளைக்கு படுக்க வெப்பீங்க. வேலைய வுட்டு ரெண்டு வருசம் ஆவணும்."

அதையும் சேர்த்தார்கள். அப்போது அவள் சிறுநீரகங்கள் நன்றாகத்தான் இருந்தன.

பிறகு அவை கெட்டன. டயாலிசிஸ் தொடங்கியது. ஊசி குத்த இடம் அமைக்க இரண்டு கைகளிலும் அறுவை செய்து பார்த்தார்கள். தொடையிலும் பார்த்தார்கள். எல்லாம் அடைத்துக்கொண்டது. கழுத்து மட்டும் மிச்சம். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் சோதனைக்கு அனுமதி வந்தது. அவளைவிடப் பொருத்தமான நோயாளி ஊரில் கிடையாது. அவளுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள் என்று, நிபந்தனை வகுத்த குழுவின் முன் நின்று கத்தினேன். "அந்த நிபந்தனையை அவங்களேதானே கேட்டு வாங்கினாங்க?" என்றார் இயக்குநர். எஸ்தரும் என்னிடம் கேட்டாள். "ஒரே ஒருவாட்டி அத மறந்துட்டா இன்னாய்யா? எனக்கு பயமா கீது." அவளைப் புனிதவதி ஆக்க இங்கே யாரும் முயல வேண்டாம். அவளுக்கு உயிர்மேல் ஆசை இருந்தது.

முதல் குழாய் முட்டுக்காட்டுப் படகுக்காரர் ஒருவருக்குப் போனது. வளர்த்தவள் எஸ்தர். எஸ்தரின் சாவுக்கு அவரும் வந்திருந்தார். எஸ்தரின் அம்மா அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். குழாய்க்குள் ரத்தம் ஓடும் அதிர்வு விரலுக்குத் தெரியும்.

"ஓடிக்கினு கீது" என்றாள். "எம்பொண்ணு செஞ்சது ஊருக்கெல்லாம் ஓடும். அவளுக்கு மட்டும் கெடியாதா?"

கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் அவர் நின்றார். நல்ல மனிதர். அன்றைக்கு அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று இரங்கல் கூட்டம். எஸ்தரின் நினைவாக அந்த நிபந்தனையை நீக்கிவிடலாம் என்றார் இயக்குநர். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அடுத்த குழாயைப் பொருத்திக்கொள்ள எங்கள் துப்புரவுப் பணியாளர் ஒருவர் தாமாகவே முன்வந்திருப்பதாகவும் சொன்னார். அந்த அம்மா கடைசி வரிசையில் இருந்தார். டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஆனால் ஊசி குத்த அவர் கையில் இன்னும் நல்ல இடம் இருக்கிறது. புதுக் குழாய் அவருக்குத் தேவையே இல்லை.

"உங்களுக்கு இஷ்டமாம்மா?" என்று கேட்டேன்.

"சார் சொன்னாரு" என்றார்.

எழுந்து நின்று, நிபந்தனை இருக்கட்டும் என்றேன். அது இல்லாதிருந்தால் எஸ்தர் பிழைத்திருப்பாள். தெரிந்தேதான் சொன்னேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.